வாயால் சொல்ல ஒரு சைக்கிள் பயணம்: மின்ச்சோ ஆற்றிலிருந்து போ ஆறு வரை

இத்தாலியில் சைக்கிள் ஓடப் போகிறோம் என்று நான் வேலை செய்யும் முதியோர் இல்லத்தில் சொன்னபோது, கூட வேலை செய்யும் நோர்வேஜியப் பெண்கள் என்னைக் கட்டிப்பிடித்து வாழ்த்தினார்கள். அதையே வெள்ளிக்கிழமை கோயிலில் சொன்னபோது, ஏன், அங்கே கார் வாடகைக்குக் கிடைக்காதா என்று கேட்டார்கள். இந்த இரண்டு பதில்களுக்கும் நடுவில்தான் நாங்கள் பதினெட்டு வருடமாக ஒஸ்லோவில் குடியிருக்கிறோம்.

எப்போது, ஏன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். போனது 2007 செப்டம்பர், இரண்டாம் கிழமை. நாங்கள் ஒஸ்லோவின் தெற்குப் புறம், ஹவுகெட்டோவில் இருக்கிறோம். என் கணவர் ட்ராம் ஓட்டுநர், விடியும் முன் எழும்பிப் போவார். எனக்கு மாலை வேலை. ஒருவருக்கொருவர் சாப்பாட்டை மூடிவைப்பதுதான் எங்கள் குடும்ப வாழ்க்கை. மகள் ஆரணிக்கு வருகிற தை மாதம் கல்யாணம், மாப்பிள்ளை துரொண்ட்ஹெய்ம் பெடியன். கல்யாண வேலை தலைக்கு மேல் வருமுன் இரண்டு பேரும் எங்கேயாவது போய் வாருங்கள் என்று அவள்தான் பிடிவாதம் பிடித்தாள். இதுவரை நாங்கள் போன பயணமெல்லாம் சொந்தக்காரர் வீட்டு விறாந்தையில் மெத்தை விரித்துப் படுத்த பயணம். "அம்மா, அது ஃபெரியே இல்லை, அது பெசூக்," என்றாள். ஃபெரியே என்றால் விடுமுறை, பெசூக் என்றால் ஆட்கள் வீட்டுக்குப் போய் வருவது. நோர்வேயில் வளர்ந்த பிள்ளைக்கு இரண்டும் வேறு வேறு.

எங்கே போவது என்பதை இவரே சொன்னார். இத்தாலி, ஆற்றங்கரை, சைக்கிள். யாரும் கூப்பிடாமல் அடுத்த தெருவுக்குக்கூடப் போகாத மனிதர் இப்படிச் சொன்னதும் நான் சந்தேகப்பட்டிருக்க வேண்டும். விமான ரிக்கற் மலிவு என்ற சந்தோஷத்தில் விட்டுவிட்டேன்.

யாழ்ப்பாணத்து ஆட்களுக்குச் சைக்கிள் புதினமில்லை. நான் பள்ளிக்கூடம், ரியூசன், கோயில் எல்லாம் சைக்கிளில்தான் போனேன், மழை என்றால் ஒரு கையில் குடையும் இருக்கும். இவர் சைக்கிளில் ஏற்றாத பொருள் இல்லை. வாழைக்குலை, விறகு, தண்ணீர்ப்பானை, ஒருமுறை உயிரோடு ஓர் ஆடு. ஆனால் ஒரு காரியமும் இல்லாமல் சும்மா சைக்கிள் ஓடுவது எங்களுக்குப் பழக்கமில்லை. அதனால் இவர் தனக்கு ஒரு காரியத்தை உண்டாக்கிக்கொண்டார். கணினியில் நேர அட்டவணை போட்டார். ஒவ்வொரு கிராமத்துக்கும் வந்து சேரும் நிமிடம், புறப்படும் நிமிடம். இது ட்ராம் இல்லை, நாங்கள் பிந்தினால் யாரும் முறைப்பாடு செய்யமாட்டார்கள் என்றேன். அச்செடுத்து இரண்டு பக்கமும் பிளாஸ்டிக் ஒட்டிக்கொண்டார்.

மலிவு விமானம் தோர்ப்பிலிருந்து புறப்படுகிறது. "ஒஸ்லோ தோர்ப்" என்று விற்கிறார்கள், நம்பாதீர்கள். ஒஸ்லோவிலிருந்து பஸ்ஸில் ஒன்றேமுக்கால் மணித்தியாலம். அங்கிருந்து பெர்கமோவுக்கு இரண்டரை மணித்தியாலம் பறக்க வேண்டும். பிறகு ரயிலில் பிரேஷியா போய், மாறி, கார்டா ஏரிக்கரையில் உள்ள பெஸ்கியேரா என்ற சிறிய ஊரில் இறங்கினோம். ரயில் ஏறுமுன் மேடையில் இருக்கும் மஞ்சள் பெட்டியில் ரிக்கற்றைக் குத்த மறக்க வேண்டாம். குத்தாத ரிக்கற் அங்கே ரிக்கற்றே இல்லை.

பெஸ்கியேராவில் பையைத் திறந்தபோதுதான் பாரத்தின் காரணம் தெரிந்தது. மூன்று பெரிய கட்டி புருனோஸ்த். நோர்வேக்காரர் பாணில் சீவி வைத்துச் சாப்பிடும், இனிப்பும் உப்பும் சேர்ந்த மண்ணிறச் சீஸ். உலகம் முழுவதும் சீஸ் அனுப்புகிற நாட்டுக்கு நாங்கள் சீஸ் கொண்டு வந்திருக்கிறோம். யாருக்கு என்று கேட்டேன். போகிற இடத்தில் யாரும் ஏதும் தந்தால் திருப்பிக் கொடுக்க ஒன்று வேண்டாமா என்றார். ஒருவர் வீட்டுக்கு வெறுங்கையோடு போவதில்லை என்பது எங்களிடம் சட்டம். ஆனால் நாங்கள் யார் வீட்டுக்கும் போகவில்லையே என்பது எனக்கு அப்போது தோன்றவில்லை, பசி.

சைக்கிள் வாடகை ஆளுக்கு ஒரு நாள் ஒன்பது யூரோ, தலைக்கவசம் இலவசம். இவர் சங்கிலியை இழுத்துப் பார்த்தார், டயரை அமுக்கிப் பார்த்தார், பிறகு கரியரில் ஓர் ஆள் இருக்கலாமா என்று கேட்டார். கடைக்காரர் என்னை ஒருமுறை பார்த்துவிட்டு, வேண்டாம் என்று சொன்னார்.

பெஸ்கியேராவிலிருந்து மந்தோவா வரை மின்ச்சோ ஆற்றோடு நாற்பத்து மூன்று கிலோமீற்றர், முழுவதும் தார் போட்ட சைக்கிள் பாதை. மேடு என்று சொல்ல ஒன்றுமில்லை. ஒஸ்லோவில் எந்தப் பக்கம் திரும்பினாலும் ஏற்றம் ஏறி மூச்சு வாங்குகிறவர்களுக்கு இது பெரிய வரம். ஒரு பக்கம் பச்சைத் தண்ணீர், மறுபக்கம் திராட்சைத் தோட்டமும் சோளக் காணியும். கொக்குகள் எங்களைப் பார்த்துப் பயப்படவே இல்லை. முதல் நாள் பதினான்கு கிலோமீற்றர்தான், பழைய தண்ணீர்ச் சக்கர ஆலைகள் நிற்கும் பொர்கெத்தோ என்ற இடம் வரை.

அந்தப் பதினான்கு கிலோமீற்றருக்கு மூன்று மணித்தியாலம் எடுத்தது. ட்ராம் ஓட்டுநரோடு சைக்கிள் ஓடுவது எப்படி என்று யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. ஒவ்வொரு இரண்டு கிலோமீற்றருக்கும் நிற்கிறார். நிற்கும்போது மெல்ல மெல்லப் பிரேக் பிடிக்கிறார், உள்ளே யாரோ நின்றுகொண்டு வருகிற மாதிரி. புறப்படுமுன் வலது பக்கம் திரும்பிப் பார்க்கிறார். யாராவது ஓடி வருகிறார்களா என்றா பார்க்கிறீர்கள் என்று கேட்டேன். பழக்கம் என்றார்.

அன்று தங்கியது ஒரு பண்ணை வீட்டில், காலைச் சாப்பாட்டோடு அறுபது யூரோ. சுத்தம், அமைதி, காதுக்குள் பாடிக் கடிக்கிற நுளம்பு மட்டும் எங்கள் ஊர் நுளம்புக்கு அண்ணன் முறை. முற்றத்து மேசையில் இவர் வரைபடத்தை விரித்து வைத்திருந்தார். சிவப்புப் பேனையால் கீறிய கோடு மின்ச்சோவோடு இறங்கி, போ ஆற்றைத் தொட்டு, கிழக்கே ஃபெர்ராரா வரை நேராகப் போயிருக்க வேண்டும். ஆனால் நடுவில் ஆற்றை விட்டு விலகி, தூண்டில் முள்ளுப்போல வளைந்து, ஒரு குக்கிராமத்தைத் தொட்டுத் திரும்பியது. அங்கே என்ன இருக்கிறது என்று கேட்டேன். நல்ல பால்பண்ணை இருக்கிறதாம். ஊர்ப் பெயரைப் படித்ததும் எனக்கு விளங்கிவிட்டது. அந்த முகவரியை ஒருகாலத்தில் தைப்பொங்கல் வாழ்த்து அட்டைகளில் என் கையால் எழுதியிருக்கிறேன். அது யோகண்ணையின் ஊர்.

யோகண்ணை இவருடைய சிநேகிதர். என் சொந்தத்தில் ஒருவரும் நோர்வேயில் இல்லாத காலத்தில் எனக்கு அண்ணனாக நின்றவர். அவரும் இவரும் வடக்கே ஓர் அகதி முகாமில் ஒரே அறையில் இரண்டு குளிர்காலம் இருந்தவர்கள். நானும் ஆறு வயது ஆரணியும் வந்து விமான நிலையத்தில் இறங்கியபோது, மீசை எடுத்த தகப்பனை அவளுக்கு அடையாளம் தெரியவில்லை. கத்திக் குழறியவளைத் தூக்கிக்கொண்டு போய்ப் பனியைக் காட்டிச் சிரிக்க வைத்தவர் யோகண்ணை. பிறகு நோர்வேயில் விசா கிடைக்காமல் இத்தாலிக்குப் போய், அங்கே மாடு கறக்கும் வேலையில் நிலைத்துவிட்டார்.

ஆரணி பெரியபிள்ளையாகி, சாமத்தியவீடு வந்தது. தாய்மாமன் இடத்தில் நிற்க வேண்டியவர் யோகண்ணை. இவர் வெளிநாட்டு ஆட்கள் எல்லோருக்கும் கார்ட் தபாலில் போட்டார். மற்றவர்களுக்குத் தொலைபேசியிலும் சொன்னார். யோகண்ணைக்குச் சொல்லவில்லை. அவன் வீட்டு ஆள், அவனுக்கு என்ன சொல்லுவது, அவன்தானே வந்து நடத்த வேண்டும் என்பது இவருடைய நியாயம். ஊரெல்லாம் சொன்னவன் எனக்கு ஒரு வார்த்தை வாயால் சொல்லவில்லையே, வெறும் கார்ட்தானே வந்தது என்பது அவருடைய நியாயம். அவர் வரவில்லை. மண்டபத்தில் இவர் கடைசி நிமிடம் வரை வாசலைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு பதினொரு வருடம் இரண்டு பேரும் கதைக்கவில்லை. நடுவில் நான் எடுத்த தொலைபேசி அழைப்புகளில் அவருடைய மனைவி சுகந்தியும் நானும் பிள்ளைகளின் படிப்பைப் பற்றிக் கதைத்து முடிப்போம். இரண்டு பக்கமும் பின்னால் ஓர் ஆம்பிளை செருமிக்கொண்டிருப்பது மட்டும் கேட்கும்.

ஆக, இது ஃபெரியே இல்லை. இது பெசூக். மனிதர் கல்யாணத்துக்குச் சொல்லப் போகிறார், இந்த முறை வாயால், நேரே, சைக்கிளில். யோகண்ணை இந்தக் கல்யாணத்துக்கும் வராவிட்டால் இனி அந்த உறவு இல்லை என்பது இவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். எனக்குக் கோபமும் வந்தது, அழுகையும் வந்தது. ஒன்றும் தெரியாத மாதிரி, சீஸ் கெட்டுவிடாமல் நிழலில் வையுங்கோ என்று மட்டும் சொன்னேன்.

இரண்டாம் நாள் மந்தோவாவுக்கு இருபத்தொன்பது கிலோமீற்றர். பாதையில் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு எல்லாக் கடைகளும் பூட்டு. பன்னிரண்டரைக்குப் பூட்டினால் மூன்றரை வரை ஒரு போத்தல் தண்ணீர் கூட வாங்க முடியாது, அதனால் முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். மந்தோவாவைச் சுற்றி மூன்று பக்கமும் ஏரி, ஒன்றில் கண்ணுக்கு எட்டியவரை தாமரை இலை. பூ முடிந்துவிட்டது, காய்தான் நின்றது. எங்கள் ஊர்க் கேணியைப்போல நூறு மடங்கு. இங்கே ஒரு பிள்ளையார் கோயில் இல்லாதது பெரிய குறை என்று இவர் சொன்னார். இரவுச் சாப்பாட்டுக்குப் பூசணிக்காய் அடைத்த பாஸ்தா எடுங்கள், பதினொரு யூரோ, இனிப்பாக இருக்கும். இவர் றிசொத்தோ எடுத்தார், எடுத்துவிட்டுச் சோறு குழைந்துவிட்டது என்று பரிமாறும் பிள்ளையிடம் அன்பாக எடுத்துச் சொன்னார்.

மூன்றாம் நாள் காலையிலிருந்து இவருடைய சத்தம் எனக்குப் பின்னால் கேட்டுக்கொண்டே வந்தது. ஒத்திகை நடக்கிறது. ஒருமுறை "மச்சான், சும்மா இந்தப் பக்கம் வந்தனாங்கள்." இன்னொருமுறை அதிகாரமாக, "யோகன், நடந்தது நடந்துபோச்சு." பிறகு மெல்லிய குரலில், "எப்பிடி மாடுகள்?" எதிரே உழவு இயந்திரத்தில் வந்த ஒரு கிழவர் தன்னோடுதான் கதைக்கிறார் என்று நினைத்துத் தொப்பியைக் கழற்றி, நீளமாக ஏதோ பதில் சொல்லிவிட்டுப் போனார்.

மந்தோவாவிலிருந்து இருபத்திரண்டு கிலோமீற்றரில் மின்ச்சோ போய் போ ஆற்றில் விழுகிறது. அதன் பிறகு பாலத்தைத் தாண்டி சான் பெனெதெத்தோ என்ற ஊருக்குப் பத்துக் கிலோமீற்றர். போ ஆற்றின் இரு கரையிலும் வெள்ளத்துக்குக் கட்டிய உயர்ந்த அணை போகிறது, பாதை அதன் மேல்தான். ஒரு பக்கம் ஆறும் வரிசையாக நட்ட நெட்டை மரங்களும், மறுபக்கம் கீழே வீட்டுக் கூரைகள். நிழல் குறைவு, தொப்பி கட்டாயம்.

அணையில் என் சைக்கிளுக்குக் காற்றுப் போனது. கீழே காணியில் நின்ற ஒரு கமக்காரர் ஏறி வந்து பத்து நிமிடத்தில் ஒட்டித் தந்து, இரண்டு முலாம்பழத்தையும் கையில் வைத்தார். இவர் உடனே ஒரு கட்டி புருனோஸ்தை எடுத்து நீட்டினார். கமக்காரர் கத்தியால் ஒரு துண்டு வெட்டி வாயில் போட்டார். அவருடைய முகத்தில் முதலில் ஆச்சரியம், பிறகு எங்கள் மேல் இரக்கம். இப்படிப்பட்ட நாட்டில் இருந்து வந்திருக்கிறார்களே என்று நினைத்தாரோ என்னவோ, வீட்டுக்குள் ஓடிப்போய் ஒரு பெரிய பூசணிக்காயையும் கொண்டு வந்து என் கரியரில் கட்டிவிட்டார். இவர் இரண்டாவது கட்டியை எடுக்கப் பைக்குள் கையை விட்டார். நான் சைக்கிளை உருட்டிக்கொண்டு புறப்பட்டுவிட்டேன்.

அங்கிருந்து யோகண்ணையின் ஊருக்குப் பதினொரு கிலோமீற்றர், கடைசியில் மட்டும் அணையை விட்டு இறங்க வேண்டும். இவருடைய அட்டவணைப்படி நாற்பத்தைந்து நிமிடம். ஒவ்வொரு சந்தியிலும் நின்று தண்ணீர் குடித்தார். செயின் சத்தம் போடுகிறது என்றார், எனக்குக் கேட்கவில்லை. ஊர்ப் பெயர்ப்பலகைக்குப் பக்கத்தில் முற்றாக நின்றுவிட்டார். இப்போது நாலு மணி, மாடு கறக்கிற நேரம், தொந்தரவு செய்யக்கூடாது, நாளைக்குப் பார்ப்போம் என்றார். எனக்குப் பொறுமை போய்விட்டது.

"நான் போறன். நீங்கள் அடுத்த ட்ராமிலை வாங்கோ," என்று சொல்லிவிட்டு மிதித்தேன்.

பால்பண்ணைக்குப் பக்கத்தில் வரிசை வீடுகள். ஒரு வேலியில் மட்டும் பாகல் படர்ந்திருந்தது, விலாசம் கேட்க வேண்டிய தேவை வரவில்லை. கதவைத் திறந்த சுகந்தி என்னையும் பூசணிக்காயையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். சத்தம் கேட்டு யோகண்ணை மாட்டுக் கொட்டிலில் இருந்து முழங்கால் வரை பூட்ஸோடு வந்தார். தலை நரைத்துவிட்டது. என்னைப் பார்த்துத் தங்கச்சி என்றார். பிறகு எனக்குப் பின்னால், கேற்றில் தலைக்கவசத்தோடு நின்றவரைப் பார்த்தார்.

"எத்தினை கியர்?" என்று கேட்டார் யோகண்ணை.

"இருவத்தொண்டு," என்றார் இவர்.

பதினொரு வருடத்துக்குப் பிறகு பேசிய முதல் வார்த்தை அதுதான். அதன் பிறகு இரண்டு பேரும் குந்தி இருந்து என் சைக்கிளைக் கால் மணித்தியாலம் ஆராய்ந்தார்கள். பிறகு மாடுகளைப் பார்த்தார்கள். பால் கறக்கும் இயந்திரம், வைக்கோல் விலை, ஒஸ்லோவில் புதிதாகப் போட்ட தண்டவாளம். உள்ளே வந்து இருந்ததும் இவர் மீதி இரண்டு கட்டி புருனோஸ்தையும் மேசையில் வைத்தார். யோகண்ணை ஒரு துண்டை எடுத்து மூக்கில் வைத்து மணந்து பார்த்தார். முகாமில் இரண்டு குளிர்காலமும் அவர்கள் சாப்பிட்டது பாணும் இதுவும்தான். அந்த நாளில் இதைச் சவுக்காரம் என்று திட்டுவார்கள். இப்போது மூக்கை உறிஞ்சிக்கொண்டே முழுக்கட்டியில் கால்வாசியைச் சாப்பிட்டு முடித்தார்.

பூசணிக்காய்க் கறி, பருப்பு, பாகற்காய்ப் பொரியல் என்று இரவுச் சாப்பாடு. நானும் சுகந்தியும் குசினியில் அகப்பையோடு நின்று காதைக் கொடுத்துக் கேட்டோம். கல்யாணம் என்ற சொல் மட்டும் வரவில்லை. ஆரணி எப்படி என்று யோகண்ணை கேட்டார், நல்லாயிருக்கிறாள் என்றார் இவர். என்ன செய்கிறாள் என்றார், வேலை செய்கிறாள் என்றார். எனக்கே சொல்லிவிடலாம் போல நாக்கு அரித்தது. நான் சொன்னால் அது கணக்கில்லை. விறாந்தையில் மெத்தை விரித்துத் தந்தார்கள், படுத்தோம்.

காலையில் தேத்தண்ணி குடித்து, நன்றி சொல்லி, தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டு புறப்பட்டுவிட்டார். கையைக்கூட ஆட்டினார். நான் பின்னால் போனேன். அணைக்கு ஏறி, மூன்று கிலோமீற்றர் பொறுத்திருந்து, கேட்டேன்.

"சொன்னனீங்களோ?"

"சந்தர்ப்பம் வரேல்லை."

சைக்கிளைப் புல்லில் சாய்த்துவிட்டு அணைச் சரிவில் உட்கார்ந்தேன். இனி ஒரு மிதிகூட மிதிக்கமாட்டேன் என்றேன். ஃபெர்ராராவில் இரவுக்கு அறை பதிவு செய்தாகிவிட்டது, அட்டவணைப்படி இப்போதே இருபது நிமிடம் பிந்திவிட்டோம் என்று சொல்லிப் பார்த்தார். நான் மறுபக்கம் திரும்பி ஆற்றைப் பார்த்தேன். மண்டபத்து வாசலில் பட்டு வேட்டியோடு நின்ற அந்த முகத்தை நான் இன்னொருமுறை பார்க்க மாட்டேன், அவ்வளவுதான். இவர் அட்டவணையைப் பைக்குள் வைத்தார். பிறகு சைக்கிளில் ஏறி, யோகண்ணை வீட்டுப் பக்கம் திரும்பாமல் நேராகப் போனார். போயே விட்டார் என்று நினைத்தேன். ஆனால் இவர் ஓட்டுகிற பழைய ட்ராமுக்கு ஒரு பக்கம்தான் ஓட்டுநர் இருக்கை. அது நின்ற இடத்தில் திரும்பாது, கடைசித் தரிப்புக்குப் போய் வட்டம் அடித்துத்தான் வரும். மனிதர் அடுத்த இறக்கத்தில் இறங்கி, கீழே ஒரு வீட்டைச் சுற்றி, மறுபக்கத்தால் ஏறி என்னைக் கடந்து போனார். போகும்போது மணி அடித்தார். நானும் ஏறிப் பின்னால் மிதித்தேன்.

யோகண்ணை கேற்றிலேயே நின்றிருந்தார், நாங்கள் போனதிலிருந்து உள்ளே போகவே இல்லை போல. இவர் இறங்கி, தலைக்கவசத்தைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். சேர்ட்டை இழுத்து நேராக்கினார். ஊரில் கல்யாணத்துக்குச் சொல்லப் போகிறவர்கள் வாசலில் நிற்பார்களே, அப்படி நின்றார்.

"யோகன், எங்கடை ஆரணிக்குத் தை மாதம் கலியாணம். நீ குடும்பத்தோடை வந்து, முன்னுக்கு நிண்டு நடத்தித் தரவேணும். நீ இல்லாட்டி எனக்கு அது கலியாணம் இல்லை."

யோகண்ணை நிலத்தைப் பார்த்தார். கண்ணைத் துடைத்தார். சுகந்தி வாசலில் வந்து நின்றாள். யோகண்ணை தலையை நிமிர்த்தினார்.

"வாயாலை சொல்லிப்போட்டாய், சரி. கார்ட் எங்கை?"

இவர் என்னைப் பார்த்தார். நான் இவரைப் பார்த்தேன். சென்னையில் அச்சடித்து வந்த நானூறு கார்ட், ஐந்து மாதத்துக்கு முன்னதாகவே, ஹவுகெட்டோவில் அலுமாரிக்குள் இருக்கிறது.

"போனமுறை கார்ட்டாலைதானே பிரச்சினை. அதுதான் வேணுமெண்டே கொண்டு வரேல்லை," என்றார் இவர்.

"கார்ட் இல்லாமல் நான் என்னண்டு வாறது? ஆரும் கேட்டா என்னத்தைக் காட்டுறது?"

விளையாட்டுக்கு இல்லை, இரண்டு பேரும் முழு நியாயத்தோடு கதைக்கிறார்கள். இன்னும் பதினொரு வருடமா என்று எனக்கு முதலில் பயம் வந்தது. பிறகு சுகந்தியின் தோள் குலுங்குவதைப் பார்த்தேன். அவள் சிரிக்கிறாள். நானும் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு சிரிக்கத் தொடங்கினேன், நிறுத்த முடியவில்லை. ஆண்கள் இரண்டு பேரும் எங்களைப் பார்த்து முகத்தைச் சுளித்தார்கள்.

எழுத ஒரு நல்ல தாள் இல்லை. இவர் வரைபடத்தை எடுத்து மாட்டுக் கொட்டில் மதிலில் மறுபக்கமாக விரித்தார். சுகந்தி பேனை கொண்டு வந்தாள். மேலே பிள்ளையார் சுழி போட்டார். மணமகள், மணமகன், மண்டபம், முகூர்த்த நேரம், தங்கள் நல்வரவை நாடும் என்று அச்சுக் கார்ட்டில் உள்ள அத்தனையும் மனப்பாடமாக எழுதினார். எங்கள் இரண்டு பேரின் பெயரையும் எழுதிவிட்டுக் கொஞ்சம் யோசித்தார். பிறகு அதன் கீழே, யாரும் கேட்காமலே, அச்சுக் கார்ட்டில் இல்லாத ஒரு வரியை எழுதினார். மாமன், யோகநாதன். யோகண்ணை இரண்டு கையாலும் வாங்கி, நின்றபடியே இரண்டு முறை படித்தார். படித்துவிட்டு உள்ளே போய்க் குளிர்சாதனப் பெட்டியில் காந்தம் வைத்து ஒட்டினார். ஆறும் பாலமும் சிவப்புக் கோடும் உள்பக்கம் போய்விட்டன.

ஃபெர்ராராவுக்கு அங்கிருந்து எண்பது கிலோமீற்றர் என்று நினைக்கிறேன். நாங்கள் நூற்றுப் பத்துக்கு மேல் ஓடினோம். வாய்க்கால் வாய்க்காலாகப் பிரிந்து போகிற ஊர் அது, வரைபடம் இல்லாமல் ஒரே மாதா கோயில் கோபுரத்தை மூன்று பக்கத்தாலும் பார்த்தோம். இவர் எந்தத் தரிப்பிலும் நிற்கவில்லை. அட்டவணையைப் பார்க்கவும் இல்லை, முழு வழியும் சீட்டி அடித்துக்கொண்டு வந்தார். கரியரில் சுகந்தி கட்டித் தந்த பெரிய துண்டுப் பார்மிஜானோ சீஸ், கால் மூட்டை பாகற்காய், மீதிப் பூசணிக்காய். ஃபெர்ராரா போய்ச் சேரும்போது விளக்கு வைத்துவிட்டார்கள். அந்த நகரத்தில் கிழவிகள், பாதிரியார், பொலிஸ் எல்லோரும் சைக்கிளில்தான் போகிறார்கள். எங்கள் கோலத்தை ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

போக நினைப்பவர்களுக்குச் சில யோசனை. செப்டம்பர் நல்ல மாதம், வெயில் முப்பதுக்குள் இருக்கும். நுளம்பு மருந்து கட்டாயம். சைக்கிள் படம் போட்ட உள்ளூர் ரயில்களில் மட்டும் சைக்கிளை ஏற்றலாம், அதற்குத் தனி ரிக்கற் மூன்றரை யூரோ. நாங்கள் ஃபெர்ராராவிலிருந்து பொலோஞ்ஞா, வெரோனா வழியாகப் பெஸ்கியேரா திரும்பினோம். அவசரப்படுகிற ஆளோடு போகாதீர்கள், போனால் அட்டவணையை வீட்டில் ஒளித்துவிடுங்கள். புருனோஸ்த் ஒரு கட்டி போதும், அதுவும் அதைச் சாப்பிட்டு அழக்கூடிய ஆள் வழியில் இருந்தால் மட்டும்.

ஆரணி கேட்டாள், ஃபெரியே எப்படி என்று. நான் பெசூக் நல்லாயிருந்தது என்றேன்.

ஒஸ்லோ வந்த மறுநாளே இவர் கார்ட்டைத் தபாலில் போட்டார். போட்டுவிட்டு, கார்ட் போட்டிருக்கிறேன் என்று தொலைபேசியிலும் சொன்னார். நேற்று சுகந்தி தொலைபேசி எடுத்தாள். கார்ட் வந்து சேர்ந்ததாம், தங்க எழுத்து, நல்ல வடிவாம். குளிர்சாதனப் பெட்டியில் இருக்கிற வரைபடத்தை எடுத்துவிட்டு அதை வைக்கட்டுமா என்று கேட்டாளாம். "கார்ட் எல்லாருக்கும் வாறதுதானே, அதை மேசை லாச்சிக்குள்ளை வை," என்றாராம் யோகண்ணை. அதனால் போகிறவர்கள் வரைபடம் இரண்டு வாங்கிக்கொள்ளுங்கள். மந்தோவா ரயில் நிலையக் கடையில் ஆறு யூரோ.